ஆம்பூர் ஷூ கம்பெனியின் இணையதளம் யாரிடம் பேசுகிறது?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளின் இணையதளங்களைத் திறந்தால் பெரும்பாலும் ஆங்கிலம்தான். பளபளக்கும் ஷூக்கள், இயந்திரங்கள், தரச் சான்றிதழ்கள், ஏற்றுமதியாகும் நாடுகளின் பட்டியல். வெளிநாட்டு வியாபாரிக்காகப் போடப்பட்ட கடை அது, அதில் தப்பில்லை. வேலைவாய்ப்புப் பக்கம் இருந்தால், 'உங்கள் விவரக்குறிப்பை மின்னஞ்சலில் அனுப்பவும்' என்பதோடு முடிந்துவிடும். நாட்றம்பள்ளியில் தையல் மெஷின் ஓட்டத் தெரிந்த ஒரு பெண்ணிடம் விவரக்குறிப்பு ஏது? அவரிடம் இருப்பது செல்போன்.

இதுவரை ஆள் கிடைத்தது வாய்வழியாகத்தான். அக்கா சேர்ந்த கம்பெனியில் தங்கை சேர்வார், கேட்டில் 'டெய்லர் தேவை' என்று பலகை தொங்கும். இப்போது போட்டி வேறு மாதிரி. செய்யாற்றில் தைவானின் ஷூ கம்பெனி ஃபெங் டே வேரூன்றிவிட்டது. பனப்பாக்கம் சிப்காட்டுக்கு இன்னொரு ஷூ கம்பெனியான ஹாங் ஃபூ வந்திருக்கிறது. ஓசூரும் ஸ்ரீபெரும்புதூரும் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் பெண்களை அழைக்கின்றன, தங்க விடுதியும் தருகின்றன. உள்ளூர்க் கம்பெனி ஏன் மேல் என்பதை இனி எடுத்துச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லச் சொந்த இணையதளத்தைவிட மலிவான இடம் இல்லை.

என்ன சொல்வது? வேலைக்கு வருபவர் முதலில் கேட்பது, கையில் எவ்வளவு வரும் என்பதே. மாதம் 12,000 ரூபாய் என்று விளம்பரம் செய்வதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் பி.எஃப். கணக்கில் வந்தால் 12 சதவீதமாக 1,440 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமாக 90 ரூபாயும் பிடித்தம். கைக்கு வருவது 10,470. இந்தக் கணக்கை அப்படியே பக்கத்தில் போடலாமே! முதல் சம்பளத்தன்று 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று நின்றுவிடுபவர்கள் குறைவார்கள். பிடிக்கும் பணத்துக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமும் பிற்காலச் சேமிப்பும் உண்டு என்பதையும் இரண்டு வரியில் விளக்கலாம்.

அடுத்தது பஸ். ஆலங்காயத்திலிருந்து வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், மாதனூரில் எங்கே நிற்கும், ஓவர்டைம் பார்த்தால் வீடுவரை யார் கொண்டுவந்து விடுவார்கள்? மகளை அனுப்பும் அம்மாவுக்குச் சம்பளத்துக்கு இணையான கேள்வி இது. குழந்தைகள் காப்பகம் உண்டா, கழிப்பறை எப்படி, புகார் இருந்தால் யாரிடம் சொல்வது என்பதும் அப்படியே. தமிழில் எழுதினால் மட்டும் போதாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் தமிழிலும் உருதுவிலும் பேசும் ஒரு நிமிட வீடியோ, பத்துப் பத்தி எழுத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

தோல் பதனிடும் ஷாப்புக்கு இன்னொரு சுமையும் உண்டு. தோல் ஆலைக் கழிவால் பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மாசின் நினைவு இந்த ஊர்களில் இன்னும் மறையவில்லை. ரசாயனத்துக்கு நடுவே பிள்ளையை அனுப்பத் தயங்குவது நியாயமான பயம். கழிவுநீர் எங்கே போகிறது, கையுறையும் பூட்ஸும் தருகிறார்களா என்று கம்பெனி தானாகவே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டால் அந்த இடத்தை ஊர்ப்பேச்சு நிரப்பிக்கொள்ளும்.

ஏஜென்ட்டை நம்பி விளம்பரத்தை ஒப்படைத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரே சாட்சி. ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பிரிவில் திருமணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. விவகாரம் மத்திய அரசு வரை போனது. பிறகு வயது, பாலினம், திருமணம் பற்றிய நிபந்தனைகளை விளம்பரங்களில் குறிப்பிட வேண்டாம் என்று ஏஜென்ட்டுகளிடம் நிறுவனம் சொன்னதாக, அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது. விளம்பரத்தில் வரி மறைந்தால் ஆலைக்குள் வழக்கம் மாறிவிட்டதாக அர்த்தமில்லை. என்றாலும், தன் பெயரில், தன் தளத்தில், எல்லோர் பார்வைக்கும் நிபந்தனைகளை வைக்கும் கம்பெனி கொஞ்சம் யோசித்துத்தான் எழுதும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் போஸ்டர்களில் போலிகளும் கலந்திருக்கின்றன. பதிவுக் கட்டணம் கேட்பார்கள், ஆதார் நகல் வாங்கிக்கொள்வார்கள். 'நாங்கள் யாரிடமும் பணம் கேட்பதில்லை. எங்கள் எண் இது மட்டுமே' என்று கம்பெனி தன் தளத்தில் எழுதி வைத்தால், சந்தேகம் வந்தவர் சரிபார்க்க ஓர் இடம் கிடைக்கும். ஆதார் நகலை வேலையில் சேரும் நாளில் கேட்டால் போதும்.

போஸ்டருக்கு இன்னொரு குறை, அது படம். தேடினால் சிக்குவது சிரமம். பதவி, ஊர், சம்பளம், கடைசித் தேதி எல்லாவற்றையும் எழுத்தாக, வேலை அறிவிப்புக்கு என்றே உள்ள குறியீட்டோடு போட்டால் கூகுளின் வேலைத் தேடலில் இடம்பெற வாய்ப்புண்டு. இந்தியாவில் அந்த வசதி 2018 முதல் இருக்கிறது. தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிவிடலாம், கட்டணம் இல்லை.

தொழில் தெரியாதவர்களை என்ன செய்வது? மென்பொருள் நிறுவனமான ஜோஹோ பள்ளி முடித்தவர்களைப் பட்டம் கேட்காமல் எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி அளிக்கிறது. அதை வெளிப்படையாகவே அறிவிக்கிறது. ஷூவின் மேல்பாகம் தைக்கக் கற்றுத்தரும் கம்பெனியும் பயிற்சி எத்தனை நாள், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, ஹெல்பராகச் சேர்ந்தவர் எப்போது டெய்லர் ஆகலாம் என்று எழுதலாம். கிண்டி காலணிப் பயிற்சி நிறுவனத்தில் படித்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கும் பிள்ளைகளும் இதைத்தான் தேடுவார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, கொடுத்த எண்ணை யாரும் எடுக்காவிட்டால் வீண். ஷிப்ட் முடிந்து மாலை ஏழு மணிக்கு அழைப்பவருக்குப் பதில் சொல்ல ஹெச்.ஆரில் ஒருவரை நியமியுங்கள். இடம் நிரம்பிய அன்றே அறிவிப்பை எடுத்துவிடுங்கள். பழைய அறிவிப்பை நம்பி, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கேட் வரை வந்து திரும்பியவர் மறுமுறை உங்கள் பக்கம் வரமாட்டார்.