தேவசகாயம்

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கங்களில் விடியற்காலை வேளையைப் பார்த்திருக்கிறீர்களா? சோற்றை வடித்து வைத்துவிட்டு, சுவாமி படத்தின் முன் ஒரு நிமிஷம் கண்மூடி நின்றுவிட்டு, தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் விரைகிற பெண்கள்தாம் எத்தனை பேர்! "ஆண்டவனே, எனக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை?" என்று அந்த ஒரு நிமிஷத்தில் கேட்காத மனமும் உண்டோ? நாமெல்லோரும் கேட்கிற கேள்விதானே அது!

ஏறக்குறைய 280 வருஷங்களுக்கு முன், தமிழகத்தின் தென்கோடியில் ஒருவர் இதே கேள்வியால் மனம் நொந்திருந்தார். நீலகண்ட பிள்ளை என்று பெயர். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை உத்தியோகஸ்தர். குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டங்கள். அப்போது அவருக்கு ஆறுதல் சொன்னவர் டச்சுக்காரரான டி லனாய். 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படையில் சேர்ந்தவர். விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை அவர் சொன்னார். மக்களையும் மந்தைகளையும் பறிகொடுத்தும் கடவுளை விடாத யோபு, நீலகண்டரின் நெஞ்சில் குடிபுகுந்துவிட்டார்.

1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருளை ஒட்டித் 'தேவசகாயம்' ஆனார். மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ அம்மாள் ஆனார்.

இனிமேல் கஷ்டம் தீர்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! எல்லாச் சாதியாருடனும் அவர் சரிசமமாகப் பழகியது மேல்தட்டாருக்குப் பொறுக்கவில்லை. 1749-ல் கைது செய்தார்கள். கசையடி, புண்களில் மிளகாய்ப் பொடி, எருமைமேல் ஏற்றி ஊர்வலம் என்று மூன்று வருஷம் வதைத்தார்கள். அவரோ அசையவில்லை. 1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். கடைசியாக ஜெபம் செய்ய அவகாசம் கேட்டு அவர் முழந்தாளிட்டதாக அப்பகுதி மக்கள் இன்றும் சொல்லிச் சொல்லி உருகுகிறார்கள்.

2022 மே 15 அன்று ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். துறவறம் பூணாத இந்தியரில் முதல் புனிதர் அவரே. அதற்கு முன்பே 'பிள்ளை' என்ற சாதிப் பெயரைத் திருச்சபை நீக்கிவிட்டது. அவர் வாழ்ந்த விதத்துக்கு அதுதானே பொருத்தம்?

சரணாகதி என்றால் கைகட்டி உட்கார்ந்துவிடுவது என்று நினைக்கிறோம். தேவசகாயத்தைப் பாருங்கள்! யாருக்கும் அஞ்சாமல் நடந்து, பலனை மட்டும் ஆண்டவனிடம் விட்டார். 'ஏன்?' என்ற கேள்விக்கு அவருக்கும் விடை கிடைத்ததோ என்னவோ. துணை மட்டும் கடைசிவரை இருந்தது.