நம் முற்றத்திற்கு ஏற்ற கோழி எது?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

கோழி என்றதும் இன்று நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கடைக் கூண்டில் அடைபட்டிருக்கும் வெள்ளைக் கோழிதான். நம் பாட்டிமார் காலத்திலோ ஒவ்வொரு கோழிக்கும் ஓர் இனப் பெயரும் தனிக் குணமும் இருந்தன. சிறுவிடை, பெருவிடை, கழுத்தறுத்தான், கொண்டைக்கோழி, குட்டைக்கால் கோழி, கருங்கால் கோழி என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். இவற்றுள் சில இன்று தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. இவ்வினங்களை எங்கே தேடுவது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, எங்கள் வீட்டில் நாங்கள் பட்டறிந்ததைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

பதினேழு கோழிகள்

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு அருகே ஒரு சிற்றூர். எங்கள் அப்பத்தா திருமணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து ஒரு பெட்டைக்கோழியைக் கொண்டுவந்தாராம். அதன் வழிவந்தவையே எங்கள் வீட்டுச் சிறுவிடைகள். 2022ஆம் ஆண்டு கோடையில் அவை பதினேழு இருந்தன. ஒரு நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியபோது இரண்டு கோழிகள் வெளியே வராமல் தூங்கி வழிந்தன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. ஐந்தாம் நாள் எங்கள் முற்றத்தில் கூவுவதற்கு ஒரு சேவல்கூட இல்லை.

அது இராணிக்கெட் என்னும் கோழிக்கழிச்சல் நோய். வந்த பின் இதற்கு மருந்து இல்லை. வருமுன் தடுப்பதற்கு மருந்து உண்டு. "நாட்டுக்கோழிக்கு நோய் வராது" என்று நம்பி நாங்கள் தடுப்பூசி போடாமல் இருந்துவிட்டோம். குற்றம் எங்களுடையதே. அப்பத்தா எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெறும் பஞ்சாரத்தை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார்.

அடுத்த மாதம் வண்டியில் குஞ்சு விற்க வந்தவரிடம் "நாட்டுக்கோழி" என்ற பேச்சை நம்பி இருபது குஞ்சுகள் வாங்கினோம். அவை நன்றாக வளர்ந்தன, முட்டையும் நிறைய இட்டன. ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. முட்டையிட்டதும் கொக்கரித்துவிட்டுக் குப்பைமேட்டுக்குப் போய்விடும். கால்நடை மருத்துவரிடம் கேட்டோம். அவை கலப்பினக் குஞ்சுகள் என்று அவர் சொன்ன பிறகுதான் விவரம் புரிந்தது.

அடைகாக்கும் குணம்

ஒரு சிறுவிடைக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டதும் நிறுத்திக்கொண்டு அடைக்கு உட்காரும். இருபத்தொரு நாள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். பிறகு இரண்டு மாதத்திற்கு மேல் குஞ்சுகளைக் கூட்டித் திரிந்து, பருந்து நிழல் தெரிந்தால் சிறகுக்குள் அணைத்து, கரையான் புற்றைக் கிளறி ஊட்டி வளர்க்கும். "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்ற பழமொழி இக்கோழியைப் பார்த்துப் பிறந்ததுதானே! இவ்வளவு வேலையும் அதற்கு இருப்பதால் ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டைகளே கிடைக்கின்றன.

பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் இனத்துக் கோழி ஆண்டுக்கு ஏறக்குறைய முந்நூறு முட்டைகள் இடும். அடைக்கு உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கியதால் அந்தக் குணம் அதனிடம் மறைந்துபோயிற்று. புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே ஐதராபாத்தில் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனங்களும் உண்டு. முட்டையும் வருமானமும் வேண்டுவோருக்கு அவை நல்லவையே. ஆனால் மறுபடி குஞ்சு வேண்டுமென்றால் மறுபடி விலைக்குத்தான் வாங்க வேண்டும். தன் இனத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும் கோழி வேண்டுவோர் பழைய நாட்டினத்தைத்தான் தேட வேண்டும்.

சில இனங்களின் இயல்பு

சிறுவிடை: சிறு உடல். பெட்டை ஒன்றேகால் கிலோ அளவில் இருக்கும். சுறுசுறுப்பாக மேயும், ஆபத்து வந்தால் பறந்து மரத்தில் ஏறிவிடும். அடைகாப்பதில் சிறந்தது. சிறு முற்றத்திற்கும் முதன்முதலாகக் கோழி வளர்ப்போருக்கும் இதுவே ஏற்றது.

பெருவிடை: நீண்ட காலும் நிமிர்ந்த உடலும் உடையது. அசில் என்னும் சண்டைக்கோழி இனத்திற்கு உறவு. முட்டை குறைவு, இறைச்சி மிகுதி. இரண்டு சேவல்களை ஒரே முற்றத்தில் விடமுடியாது. சேவல்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். இவ்வகையில் கிளிபோல வளைந்த அலகும் விரிந்த வாலும் கொண்ட 'கிளிமூக்கு விசிறிவால்' கோழிகளை அழகுக்காகப் பெரும் பொருள் கொடுத்து வாங்குவோர் உள்ளனர்.

கழுத்தறுத்தான்: கழுத்தில் இறகு இராது. பார்வைக்கு அழகில்லை என்று பலர் ஒதுக்குவர். ஆனால் இறகு குறைவாக இருப்பதால் உடல் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது, கடுங்கோடையைத் தாங்கும். மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றி அறிவியல் பாடத்தில் படித்தோமே, அந்த விதி இங்கும் செல்லும். மொட்டைக் கழுத்து ஓங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்பண்பைப் பெற்ற கோழியின் கழுத்து முழுவதும் மொட்டையாக இருக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றிருந்தால் கழுத்தின் முன்புறம் ஒரு சிறு இறகுக் கொத்து தெரியும்.

வெளியூர் இனங்கள்: மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய கடக்நாத் கோழியின் தோலும் இறைச்சியும் கருமையானவை. 2018ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்தின் வடபகுதியில் கருநிறத் தலச்சேரிக் கோழியும், நிக்கோபார்த் தீவுகளில் குட்டைக் கால்களை உடைய நிக்கோபாரிக் கோழியும் உள்ளன. புகழைக் கேட்டு ஆசைப்பட்டு வாங்குமுன், நம் ஊருக்கும் நம் தேவைக்கும் அது பொருந்துமா என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியைப் பிடித்து வளர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்கோழிக்கு முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. எனினும் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோல் நிறம் இந்தச் சாம்பல் கோழி தந்த சீர் என்று 2008ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

எங்கே தேடுவது?

எங்கள் பக்கத்தில் அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் கூடும் சந்தைக்கு நாட்டுக்கோழிகள் ஏராளமாக வரும். ஆனால் சந்தையில் பல ஊர்க் கோழிகள் ஒன்றாக அடைபட்டிருப்பதால் ஒன்றின் நோய் மற்றொன்றிற்குத் தொற்றும். தாய்க்கோழியையும் அங்கே பார்க்க முடியாது. கால்நடை மருத்துவமனையிலும் அரசுப் பண்ணைகளிலும் விசாரிக்கலாம். எல்லாவற்றையும்விட நல்ல வழி, பல்லாண்டுகளாக ஒரே வகைக் கோழியை வைத்திருக்கும் வீட்டைத் தேடிப் போவதே.

எங்களுக்கு அந்த வழி எதிர்பாராமல் திறந்தது. நம் ஊர்களில் கோழியை வாரத்துக்கு விடும் வழக்கம் உண்டு. கோழி ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. பொரிக்கும் குஞ்சில் ஆளுக்குப் பாதி. பல ஆண்டுகளுக்கு முன் அப்பத்தா ஓர் விடைக்கோழியைப் பக்கத்து ஊரில் கணவரை இழந்த ஓர் அம்மையாரிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். இரண்டு ஈடு குஞ்சுகளுக்குப் பிறகு, "இனி எனக்குப் பங்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்று விட்டுவிட்டாராம். 2023ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனோம். வாசலிலேயே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன, எங்கள் வீட்டில் இருந்தவை போலவே செம்பழுப்புச் சிறுவிடைகள்!

"உங்க கோழிதான் மதினி, இன்னும் எங்க வீட்டுல மேயுது" என்றார் அவர்.

அப்பத்தா அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்த்தும் பாராதவர்கள் போல் இருந்தோம். அவர் பணம் வாங்க மறுத்து, பன்னிரண்டு முட்டைகளை உமி நிறைத்த கூடையில் வைத்துக் கொடுத்தார். முட்டையை வைக்க அடைக்கோழி ஒன்றையும் இரவல் தந்தார். இருபத்தொன்றாம் நாள் ஒன்பது குஞ்சுகள் வெளிவந்தன.

தேர்ந்தெடுக்கும் முறை

1. தாய்க்கோழியைப் பாருங்கள். அது அடைகாத்ததா, எத்தனை குஞ்சுகளைப் பொரித்தது, எத்தனையைக் காப்பாற்றியது என்று கேளுங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

2. தெளிந்த கண், சிவந்த கொண்டை, கழிச்சல் ஒட்டாத பின்புறம், நொண்டாத நடை ஆகியவை நலத்தின் அடையாளங்கள்.

3. அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்திற்கு மேற்படாததாக இருக்கட்டும். விரிசலும் கோணலும் கூடாது. ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போதும்.

4. வாங்கிய கோழியை உடனே மற்றவற்றோடு விடாமல் மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

5. குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கைத் தோலுக்கடியில் தடுப்பூசியும் தவறாமல் போடுங்கள்.

6. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வேற்றினச் சேவலைக் கலக்கவிட்டால் சில தலைமுறைகளில் இனத்தின் குணம் மாறிவிடும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இனம் பெருகினாலும் குஞ்சுகள் நலிந்துபோகும். ஆகவே அதே இனத்தை வளர்க்கும் வேறொரு வீட்டோடு சேவலை மாற்றிக்கொள்வது நல்லது.

கொடுத்தால் நிலைக்கும்

ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் நம் நாட்டுக் கால்நடை, கோழி இனங்களைப் பதிவு செய்து வருகிறது. பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் ஓர் இனம் பிழைத்துவிடாது. ஓர் அரிய இனத்தை ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஒரு நோயே அதை அழித்துவிடும். பல இடங்களில் பிரித்து வைத்தால் ஓரிடத்தில் போனாலும் மற்றோரிடத்தில் மிஞ்சும். இதைப் படித்தறியாத எங்கள் அப்பத்தா, இல்லாதவருக்கு உதவ வேண்டும் என்று எண்ணி ஒரு கோழியைக் கொடுத்தார். எங்களிடமே வைத்திருந்த பதினேழும் போய்விட்டன. கொடுத்த ஒன்றுதான் எங்களிடம் திரும்பி வந்தது.

இன்று எங்கள் முற்றத்தில் பதினான்கு சிறுவிடைகள் மேய்கின்றன. பஞ்சாரம் பரணிலிருந்து இறங்கிவிட்டது. தடுப்பூசித் தேதிகளைச் சமையலறை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம். இரண்டு விடைக்கோழிகளை இவ்வாண்டு வேறு இரண்டு வீடுகளுக்கு வாரத்துக்கு விட்டிருக்கிறோம்.

அன்புத் தோழியரே! இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடம், "உங்கள் காலத்தில் வீட்டில் என்ன கோழி இருந்தது?" என்று கேளுங்கள். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு தேடிப் பாருங்கள். கிடைத்தால் நன்றாக வளர்த்து, முதல் ஈட்டுக் குஞ்சுகளில் ஒரு சோடியை அயல்வீட்டுக்குக் கொடுங்கள்.