வேடம் கட்டியவர்கள் – 7: புடவை மூட்டை

வில்லியம் குயீனைப் போன வாரம் கலிபோர்னியாவில் விட்டுவிட்டு வந்தோம். 1998-இல் தாடி வளர்த்து, பில்லி செயின்ட் ஜான் என்று பேரை மாற்றிக்கொண்டு, மங்கோல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பலுக்குள் புகுந்து இரண்டு வருஷத்துக்கு மேல் அவர்களோடு கிடந்தவர். அரசாங்கத்து ஆள். 2005-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

நம் தோட்டங்களுக்குள்ளும் ஒருவர் அப்படிப் போயிருக்கிறார், புடவை மூட்டையோடு. தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர். ஊரில் ‘வர்த்தக மித்திரன்’ என்று வியாபாரிகளுக்காகப் பத்திரிகை நடத்தியவர். 1920-இல் இலங்கையில் தங்கிவிடுவதற்கு முன்பு ஒரு தரம் கொழும்புக்கு வந்தபோது, மலையில் நம் சனம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். வெள்ளைத் துரைமார் வெளியாளை உள்ளே விட மாட்டார்கள். விட்டால் ஒரே ஆள், புடவை யாவாரி. அய்யரும் யாவாரியானார்.

அதில் என்ன கெட்டிக்காரத்தனம் என்று கேட்பவர்கள் எட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் மலையில் வளர்ந்திருக்க மாட்டார்கள். இருட்டோடு பால் வெட்டப் போனவர்கள் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு லயத்துக்குத் திரும்புவார்கள். யாவாரி அந்த நேரம் பார்த்துத்தான் வருவார். இஸ்தோப்பில் மூட்டை அவிழும். என் அப்பாயி உடனே வாங்க மாட்டாள். முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடிப்பாள், சாயம் போகுமா என்று விரலை எச்சில் தொட்டுத் தேய்ப்பாள், “இந்த மாசம் கையில ஒண்ணும் இல்ல தம்பி” என்பாள். ஏன் இல்லை என்று யாவாரி கேட்க வேண்டியதே இல்லை. அரிசிக்குப் பிடித்தது, கங்காணிக்குப் போனது, பேர் விழாத நாள் என்று முழுக் கணக்கும் தானாக வரும். துரையிடம் சொல்ல முடியாததையும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லக் கூடாததையும் யாவாரியிடம் சொல்வார்கள். கடன் கேட்பவள் காரணம் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அய்யர் கேட்டதும் இப்படிப்பட்ட கணக்கைத்தான் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் ‘துண்டு’ வேறு இருந்தது. தோட்டம் மாறிப் போகிற ஆளின் கடனை எழுதிக் கொடுக்கும் சீட்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் ஆளோடேயே போகும். 1921-இல்தான் அது ஒழிந்தது.

குயீனுக்கும் இவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். குயீன் மாட்டியிருந்தால் உயிர் போயிருக்கும், ஆனால் சட்டம் அவர் பக்கம். இங்கே சட்டம் துரை பக்கம். உள்ளே வந்ததே குற்றம், அத்துமீறல்.

வேடத்தைக் கலைத்த பிறகு அய்யர் சும்மா இருக்கவில்லை. ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள், சட்டசபை, 1931-இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனம். 1929-இல் தாழ்நாட்டுத் தோட்டங்களில் சட்டப்படி நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40. பிறகு விலை விழுந்த வருஷங்களில் அதிலும் கை வைத்தபோது எதிர்த்து நின்றவர்களில் முன்னாலிருந்தவர் அவர். நடுவில் ‘மூலையில் குந்திய முதியோன்’ என்று ஒரு துப்பறியும் கதையும் எழுதியிருக்கிறார். மனுஷனுக்கு அந்த ருசி விடவில்லை போலிருக்கிறது!

அத்துமீறல் என்ற சொல் பிறகு எங்கள் கேகாலைக்கே வந்தது. நேவ்ஸ்மியர் என்கிற உருளவள்ளித் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென்று எடுத்து, லயங்களைக் காலி செய்யச் சொன்னது. சனம் நகரவில்லை. வழக்கு விழுந்தது, காலங்காலமாகக் குடியிருந்த லயத்துக்குள் அத்துமீறி இருந்ததாக. 1946 ஜூனில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஒரு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. எரிச்சலூட்டுவதே முதன்மை நோக்கமாக இருந்தால்தான் அது குற்றம் என்று 1950-இல் தீர்ப்பு வந்து அரசாங்கம் தோற்றது. அதற்குள் நம் சனத்தை நாடற்றவராக்கிய 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

நடேசய்யர் இரண்டையும் பார்க்கவில்லை. 1947 நவம்பரில் போய்விட்டார்.

(தொடரும்)