அணைந்த எண்ணெய் மறுபடி எரிவது ஏன்?

மயிலாப்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பளம் பொரிக்க வைத்த எண்ணெய் திடீரென்று பற்றிக்கொண்டது. அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டால் மூடினேன். தீ அடங்கியது. சற்று நேரம் கழித்துத் தட்டை எடுத்ததும் மறுபடி குபீரென்று எரிந்தது. அடுப்பே எரியாதபோது இது எப்படி?"

அவர் செய்தது எல்லாமே சரி, தட்டைச் சீக்கிரம் எடுத்ததைத் தவிர.

எரிவது எண்ணெயிலிருந்து எழும் ஆவி. மெழுகுவத்தியிலும் இதுதான் கதை என்று 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் தொடங்கிய சிறுவர் உரைகளில் மைக்கேல் பாரடே காட்டிவிட்டார். சரித்திரம் இவ்வளவு போதும்.

வடை வேக 180 டிகிரி செல்சியஸ் போதும். இருநூறை ஒட்டிப் பல எண்ணெய்கள் புகையத் தொடங்கும். சுமார் 350-ஐத் தாண்டினால் ஆவிக்குத் தீக்குச்சியே வேண்டாம், காற்று பட்டாலே பற்றும். மூடி காற்றைத்தான் தடுக்கிறது. சூடு அப்படியே உள்ளே இருக்கிறது. கனமான இரும்புச் சட்டி என்றால் இன்னும் அதிக நேரம் இருக்கும்.

ஆடித் தள்ளுபடி நாளில் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்று திடீரென்று ஷட்டரை இறக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரம் நின்றது, கூட்டம் கலையவில்லை. பையும் குழந்தையுமாக வாசலிலேயே நிற்கிறது. ஷட்டரை ஒரு முழம் தூக்கினால் போதும், குனிந்தாவது உள்ளே புகுந்துவிடுவார்கள். முன்வரிசை ஓய்ந்தாலும் பின்வரிசை விடாது. எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்து, தெருப் பெருக்குகிறவர்கள் வந்த பிறகுதான் தைரியமாகத் திறக்கலாம். வாணலியில் கூட்டம் கலைவது என்றால் சூடு இறங்குவது. சட்டி முழுக்க ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது.

கண் இமைக்கும் நேரத்தில் தீயை அணைப்பதாக விளம்பரம் செய்யும் ஸ்ப்ரேக்களை இதை வைத்தே எடைபோடலாம். அணைத்துக் காட்டுவது சுலபம். பத்து நிமிடம் கழித்தும் பற்றாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடி வராந்தாவில் தொங்கும் பவுடர் கருவியும் சுடரை அடக்குமே தவிர, எண்ணெயை அவ்வளவாகக் குளிர்விக்காது. அதன் வேகத்தில் எண்ணெய் சிதறவும் கூடும். ஓட்டல் சமையலறைகளுக்கென்றே உள்ள கருவிகள் பொட்டாசியம் உப்புக் கரைசலைப் பீய்ச்சுகின்றன. அது கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து மேலே சோப்பு நுரையாகப் படர்கிறது. அந்த நுரை காற்றையும் தடுக்கும், சூட்டையும் தணிக்கும்.

தண்ணீர் ஊற்றவே கூடாது. அடியில் இறங்கி, சுமார் 1,700 மடங்கு நீராவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வாரி இறைக்கும். மைதா தூவலாம் என்ற வாட்ஸ்அப் யோசனையும் ஆபத்து, மாவுத்தூளே எரியும். ஆப்பசோடா உதவும், ஆனால் சிட்டிகைக் கணக்கில் அல்ல. எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடவும் கூடாது.

திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து நிற்பதால், அது சீக்கிரமே புகையும், பற்றும். எண்ணெய் சிதைவதால் சேரும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. உடல்நலத்துக்காக வந்த விதிதான், தீக்கும் பொருந்தும். அடையாறு அடுக்குமாடிகளில் அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னியின் பிசுக்கேறிய ஃபில்டரும் எரிபொருள்தான். மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

புகை கிளம்புவதற்கும் தீப்பிடிப்பதற்கும் நடுவே 150 டிகிரி இடைவெளி இருக்கிறது. அடுப்பருகே ஆள் இருந்தால் அதற்குள் குமிழைத் திருகிவிடலாம். எண்ணெய் காயும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். வாணலியை முழுதாக மூடும் உலோகத் தட்டு ஒன்றை முதலிலேயே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீ சட்டியைத் தாண்டிவிட்டால் வீட்டில் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள்.