ஏஜன்டின் வீதமும் கடைக்கொப்பியின் கோடுகளும்

என் மச்சானுக்கு ஊர்ச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை. பால்மா இறக்கும் ஏஜன்ட் ஒரு நாள் வந்து, இந்தப் பக்கத்தில் ஓடும் மூன்று பால்மாக்களின் சந்தைப் பங்கு நூற்றுக்கு 50, 30, 20 என்றும், அந்தக் கணக்கில் மூன்று மாதச் சாமானை ஒன்றாக எடுத்தால் கழிவு உண்டென்றும் சொல்லிவிட்டுப் போனார். பால்மாவில் காசு முடங்கினால் சின்னக் கடை தாங்காது. "நீ புள்ளிவிபரம் படிச்சவன்தானே மச்சான், இந்தாள் சொல்றது சரியா எண்டு பார்த்துச் சொல்லு" என்றார்.

கல்லாவடியில் ஒரு கொப்பியை வைத்து, பால்மா வாங்குகிறவருக்கு ஒரு கோடு போடச் சொன்னேன். ஒருவர் நாலு பக்கட் வாங்கினாலும் ஒரு கோடுதான். அவரே மறுபடி வந்தால் கோடு இல்லை. ஒவ்வொரு கோடும் தனித்தனி ஆளின் தெரிவாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். 200 பேர் சேர்ந்ததும் எண்ணினோம்: 84, 64, 52.

ஏஜன்ட் சொன்னபடியென்றால் 100, 60, 40 வந்திருக்க வேண்டும். அப்படியே வராதுதான். ஒரு காசை 200 தரம் சுண்டினால் சரியாக 100 தலை விழுமா? எவ்வளவு விலகலைத் தற்செயல் என்று மன்னிக்கலாம் என்பதே கேள்வி. அதற்கு 1900இல் கார்ள் பியர்சன் தந்த விடைதான் கை வர்க்கச் சோதனை. எண்ணியதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கித்து, எதிர்பார்த்ததால் பிரித்து, எல்லாவற்றையும் கூட்டுவது. ஏன் பிரிக்கிறோம்? 40இல் 12 பிசகுவது பெரிய விடயம். 4000இல் அது ஒன்றுமில்லை.

இங்கேதான் நான் சறுக்கினேன். ஏஜன்ட் வீதத்தில் பேசியதால் நானும் எங்கள் எண்ணிக்கையை 42, 32, 26 என்று வீதமாக்கிக் கணக்குப் போட்டேன். 1.28, 0.13, 1.80, கூட்டினால் 3.21. மூன்று வகை இருந்தால் சுயாதீனப் படி 2 (இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும்). 5 வீதப் பொருண்மை மட்டத்தில் அட்டவணை தரும் எல்லை 5.99. 3.21 அதற்குள் அடங்குகிறது. "ஏஜன்ட் சொல்றது சரிதான்" என்றேன். மச்சான் சாமானை எடுத்தார்.

ஒரு மாதம் போக முதல் மூன்றாவது பால்மா முடிந்துவிட்டது. முதலாவது தட்டில் அடுக்கியபடி கிடந்தது. பழைய தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: 200 பேரை நான் 100 பேராக்கியிருக்கிறேன். வீதம் ஒன்றாக இருந்தாலும் ஆட்கள் கூடக்கூடச் சான்றின் பாரமும் கூடும். உண்மை எண்ணிக்கையில் போட்டால் 2.56, 0.27, 3.60, மொத்தம் 6.43. எல்லையைத் தாண்டிவிட்டது. ஏஜன்ட் சொன்ன பங்கு உண்மையாக இருந்தால், இவ்வளவு பெரிய விலகல் நூற்றுக்கு நாலு தரம்தான் வரும். அதே வீதத்தில் 50 பேரை மட்டும் எண்ணியிருந்தால் 1.61தான்; ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

பியர்சனே சுயாதீனப் படிகளை எண்ணும் விடயத்தில் பிழைவிட்டு, 1922இல் ஃபிஷர் அதைத் திருத்தினார் என்பது எனக்கு அப்போது சின்ன ஆறுதல்.

இதை வைத்து ஏஜன்டைப் பொய்யர் என்றும் சொல்லேன். 1 வீத மட்டத்தில் எல்லை 9.21, அதில் அவர் தப்பிவிடுவார். அதோடு, நாங்கள் எண்ணியது ஆட்களை. அவர் சொன்னது கிலோக் கணக்காக இருந்தால் ஒப்பீடே பிழை. அவருடைய 50, 30, 20உம் எங்கோ சில கடைகளில் எடுத்த மாதிரியிலிருந்து வந்ததென்றால், அதிலும் தற்செயல் கலந்திருக்கும். அப்போது அதை அசையாத உண்மையாக வைத்துச் சோதிக்கக் கூடாது; அவருடைய எண்ணிக்கையையும் எங்களுடையதையும் இரண்டு நிரல்களாகப் போட்டு, இரண்டும் ஒரே சந்தையைத்தான் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு அவர் எத்தனை பேரைக் கேட்டார் என்பது தெரிய வேண்டும்.

அடுத்த முறை வந்தபோது கேட்டேன். "கொம்பனி தந்த பேப்பர் சேர், வீதம் மட்டும்தான் போட்டிருக்கு" என்றார்.