மண்டபம் முழங்குகிறதா? முதலில் அளந்து பாருங்கள்!

பொங்கல் விழா. மேடையில் பேச்சாளர் முழங்குகிறார். பின்வரிசைக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. புணேயில் கட்கியானாலும் தேகு ரோடானாலும், சிமெண்ட் கூரையும் வழவழப்பான தரையும் உள்ள மண்டபங்களில் இது சகஜம். உடனே சங்கத்தார் பெரிய ஒலிபெருக்கிக்கு வசூல் தொடங்குகிறார்கள். சத்தம் கூடும், தெளிவு கூடாது. கோளாறு அறையில் இருக்கிறது.

மெத்தை சுமந்த பேராசிரியர்

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்துச் சொற்பொழிவு அறை ஒன்றிலும் இதே தொல்லை. சொன்ன சொல் ஐந்தரை விநாடி வரை அடங்காது. சரி செய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அவருடைய கருவிகள் ஓர் ஆர்கன் குழல், நேரம் குறிக்கும் கருவி, தம் காது. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று குறித்தார். அதிலிருந்து பிறந்த கணக்கு இன்றும் பயன்படுகிறது.

என்ன கருவி வேண்டும்?

முதலில் கை தட்டுங்கள். படபடவென்று ஒலித்தால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள்.

அடுத்து, ஒரு பெரிய பலூனை உடைத்துக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். 'ரூம் ஈக்யூ விசார்ட்' போன்ற இலவசக் கணினி மென்பொருள், ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரத்தைக் கணக்கிட்டுத் தரும். ஒலியின் உண்மையான அளவைக் காட்டுவதில் கைபேசி பிசகலாம். தணியும் வேகம் அறிய அது போதும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பி போன்ற தாழ்ந்த ஒலிகளுக்குக் கைபேசியை நம்ப முடியாது. கச்சேரி மண்டபமானால் தனி அளவீட்டு மைக் வேண்டும். கட்டடத்தையே மாற்றுவதானால் நிபுணரை அழையுங்கள். ஒலிப்பதிவைத் தனிப் படிப்பாகக் கற்பிக்கும் திரைப்படக் கல்லூரி உள்ள ஊர் இது. விஷயம் தெரிந்தவர்கள் இங்கே உண்டு.

கணக்கு எளிது

15 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள மண்டபத்தின் கொள்ளளவு 480 கன மீட்டர். இதை 0.16-ஆல் பெருக்கி, அளந்த நேரத்தால் வகுத்தால் அறையின் உறிஞ்சும் திறன் கிடைக்கும். முழக்கம் 3 விநாடி என்றால் திறன் சுமார் 26 சதுர மீட்டர். பேச்சுக்கு ஏற்ற 1 விநாடிக்கு வேண்டியது சுமார் 77. குறை 51. ஒலியில் 80 சதவீதத்தை உறிஞ்சும் பலகையானால் 64 சதுர மீட்டர், அதாவது கூரையில் பாதிக்குச் சற்று அதிகம், போதும். முழு மண்டபத்தையும் மூட வேண்டியதில்லை!

மனிதரும் ஒலியை உறிஞ்சுவர். ஆளுக்கு ஏறக்குறைய அரை சதுர மீட்டர். ஆகவே காலியாக இருக்கும்போதும், கூட்டம் உள்ளபோதும் பல இடங்களில் அளக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

மெல்லிய பஞ்சுப் பலகை உயர்ந்த ஒலிகளையே விழுங்கும். தாழ்ந்த ஒலிக்குக் கனம் தேவை. முட்டை அட்டை உதவாது. எளிதில் தீப்பற்றும் பஞ்சை மண்டபத்தில் ஒட்டவே கூடாது. வெளியிலிருந்து வரும் லாரி இரைச்சலையும் இவை தடுக்கா. அதற்குக் கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும்.

சங்க நிதி, உறுப்பினர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணம். அடுத்த கூட்டத்தில் ஒலிபெருக்கிப் பேச்சு எழுந்தால், "எத்தனை விநாடி?" என்று முதலில் கேளுங்கள்.