சீட்டில் உள்ள ‘ஸ்டேஜ் 3’ எதைக் குறிக்கிறது?

ஈறு சிகிச்சைக்காக இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வருவோருள் சிலர், மருத்துவச் சீட்டில் ‘ஸ்டேஜ் 3, கிரேடு சி’ என்றிருப்பதைக் கண்டு புற்றுநோயோ என அஞ்சுகின்றனர். அன்று, அது ஈறு நோயின் அளவு.

1991 டிசம்பரில் 11 ஐரோப்பிய நாடுகளின் ஈறுநோயியல் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாமில் ஒன்றுகூடி ஐரோப்பிய ஈறுநோயியல் கூட்டமைப்பை நிறுவின. (நம் இந்தியச் சங்கம் 1975இலேயே தோன்றியது, அதன் நிறுவனர் சங்க்வால்கரின் பிறந்தநாளான ஆகஸ்டு 1, வாய்த்தூய்மை நாள்.) அக்கூட்டமைப்பும் அமெரிக்க ஈறுநோயியல் கழகமும் 2017இல் சிகாகோவில் பல நாட்டு வல்லுநர்களைக் கூட்டி, மறு ஆண்டு வெளியிட்ட வகைப்பாடே உங்கள் சீட்டில் உள்ளது. எனவே மதுரைக்கோ வெளிநாட்டுக்கோ சென்றாலும் அங்குள்ள மருத்துவருக்கு அது விளங்கும்.

பல்லைத் தாங்கும் எலும்பு எவ்வளவு கரைந்துள்ளது என்பதை ஸ்டேஜ் கூறும். 1 தொடக்கநிலை, 4 மிகக் கடுமை. நோய் எத்துணை விரைவில் பரவும் என்பதைக் கிரேடு கூறும். நாளொன்றுக்கு 10 அல்லது அதற்கு மேற்பட்ட சிகரெட் புகைப்போரும், எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சர்க்கரை அளவு 7 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ளோரும் கிரேடு சி.

கரைந்த எலும்பு பெரும்பாலும் மீள்வதில்லை. ஆனால் சர்க்கரை கட்டுப்பட்டால், புகைத்தலை விட்டால், கிரேடு மாறக்கூடும். பால்கோவா ஊரில் இதைச் சொல்வது எளிதன்று! ஆதலின் பல் மருத்துவரிடம் வருகையில், அவர் கேளாவிடினும், சர்க்கரைப் பரிசோதனை அறிக்கையை உடன் கொணருங்கள். துலக்கும்போது குருதி கசிந்தால், வலி வரும்வரை காத்திராதீர்கள். இந்நோய் பெரும்பாலும் வலியின்றியே முற்றும்.